தலை தொட்டுச் செய்யும் சிகிச்சை: அதனை நாடுமுன் அறியவேண்டுவன

(காரைக்குடியில் நடைபெற்ற சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசும்படி எமக்கு இடப்பட்ட விஷயம் வைத்தியத்தைச் சார்ந்தது. யாமோ வைத்தியரல்லேம், வைத்திய சாஸ்திரத்தில் பரீட்சை கொடுத்துத் தேறியவருமல்லேம். பேரேட்டோடும் ஐந்தொகையோடும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், மூளையைப் பற்றியும் மண்டையோட்டைப் பற்றியும் பேசப் புகுவது நகைப்பிற்கிடமாகலாம். ஆயினும் இரண்டு காரணங்களால் இதற்கு இசைந்தோம். ஒன்று, இச்சிகிச்சை நம் குடும்பங்களில் இப்பொழுது பரவிவருவது. மற்றொன்று, எம் வீட்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம். அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். யாம் கூறுவனவற்றிற் குறையிருப்பின் சபையோர் பொறுத்தருள்க.

கிரேனியோ சேக்ரல் தெரபி என்பது இச்சிகிச்சையின் பெயர். கிரேனியம் என்பது மண்டையோடு. சேக்ரம் என்பது முதுகெலும்பின் அடியில் இடுப்பிற்கு நடுவேயுள்ள திருவெலும்பு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொடர்பைக் கையால் உணர்ந்து நோயைத் தீர்ப்பதாகச் சொல்லுவதால் அப்பெயர் வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் பிள்ளைகள் இதனை அங்கே கண்டு, ஊருக்கு வரும்போது பெற்றோர்க்கும் சிபாரிசு செய்கின்றனர். சென்னை முதலிய பெருநகரங்களிலும், புதுச்சேரிக்கு அணித்தாயுள்ள ஆரோவில் போன்ற இடங்களிலும் இதனைச் செய்வோர் உளர். நோயாளி உடுத்த உடையோடு ஒரு மெத்தையிற் படுத்துக்கொள்வார். செய்பவர் தலைமாட்டில் அமர்ந்து, தலையையும் பிடரியையும் இடுப்பையும் மெல்லத் தொட்டுக்கொண்டிருப்பார். 5 கிராம் எடைக்கு மேற்படாத அழுத்தமே போதும் என்பது அவர்தம் விதி. முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் அது முடியும். மருந்து இல்லை, ஊசி இல்லை, வலியும் இல்லை. ஆதலால் அதில் அபாயமும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அங்கேதான் பிழை தொடங்குகின்றது.

இதன் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்டியோபதி என்னும் வைத்திய முறையைத் தோற்றுவித்தார். எலும்புகளையும் தசைகளையும் கையாற் சீர்செய்வது அதன் சிறப்பு. அவருடைய கலாசாலையிற் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லாந்து (1873-1954) என்பவர், பிரித்து வைக்கப்பட்ட ஒரு மண்டையோட்டைக் கண்டு, அதன் எலும்புகள் மீனின் செவுள் போல அசைவதற்கென்றே அமைந்தவை என்று எண்ணினார். பல்லாண்டு சிந்தித்து 1939-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவருக்குப்பின் ஜான் அப்லெட்ஜர் (1932-2012) என்பவர், 1975 முதல் 1983 வரை மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் இக்கொள்கையை ஆராய்ந்து, 1985-இல் பிளாரிடாவில் தம் பெயராலேயே ஒரு நிலையம் நிறுவினார். வைத்தியப் பட்டம் பெறாதவர்க்கும் அவர் இதனைக் கற்பித்தார். உலகெங்கும் இஃது இத்துணை விரைவிற் பரவியது அதனாலேயே என்க.

இனி இதன் கொள்கையை நோக்குவோம். மூளையையும் முதுகுத் தண்டையும் தெளிந்த நீர் ஒன்று சூழ்ந்துளது. வளர்ந்தவரிடத்தில் எப்பொழுதும் அது ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாய் ஊறும். பழையது இரத்தத்திற் கலந்துவிடும். இவையெல்லாம் ஐயமற்ற உண்மைகள். இதற்குமேல் இச்சிகிச்சையாளர் கூறுவது யாதெனின், அந்நீர் மூச்சிற்கும் நாடிக்கும் வேறான ஒரு கதியில், நிமிஷத்திற்கு 6 முதல் 12 தடவை வரை, ஏறி இறங்குகின்றது. மண்டையோட்டு எலும்புகளும் அதற்கேற்ப அசைகின்றன. அக்கதி தடைப்படின் நோய் வரும். கையால் அத்தடையை நீக்கலாம் என்பதாகும்.

இது பரிசோதனைக்கு நின்றதா? வளர்ந்தவரின் மண்டையோட்டு எலும்புகள் வாள்முனைப் பற்கள் ஒன்றோடொன்று கோத்தாற்போல இணைந்தவை. வயது ஏற ஏற அவ்விணைப்புக்கள் இறுகிப்போகின்றன. விரல்நுனியின் மெல்லிய தொடுகை அவற்றை நகர்த்தும் என்பதற்குச் சான்றில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீர் அசைவது உண்மைதான். அவ்வசைவு நாடித் துடிப்பையும் மூச்சையும் பெரிதும் பின்பற்றுவதென்பதை இக்காலப் படக்கருவிகள் காட்டுகின்றன. அன்றியும், 1994-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், பயிற்சி பெற்ற மூவர் தனித்தனியே 12 பேரைத் தொட்டு அக்கதியை எண்ணினர். ஒருவர் எண்ணியது மற்றொருவர் எண்ணியதோடு பொருந்தவில்லை. ஒரே பெட்டியிலுள்ள பணத்தை மூன்று கணக்கப்பிள்ளைகள் எண்ணி மூன்று தொகை கூறுவரேல், நாம் என் செய்வோம்? மூவரையும் உடனே நம்பமாட்டோமன்றோ?

நோய் தீர்கின்றதா என்பது வேறு கேள்வி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1999-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இதனை ஆதரிக்கப் போதிய சான்றில்லை என்றது. 2012-இல் இங்கிலாந்தின் பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், அதுகாறும் நடந்த 6 பரிசோதனைகளை ஆராய்ந்து, அவற்றுள் முறைப்படி நடந்த ஒன்று மட்டும் பயன் யாதும் காட்டவில்லை என்று எழுதினார். இதற்கு மாறாக, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சிலர் 681 நோயாளிகளைக் கொண்ட 10 பரிசோதனைகளைத் தொகுத்து, நாட்பட்ட கழுத்துவலி, முதுகுவலி, தலைவலி முதலியவற்றில் ஓரளவு வலி தணிகின்றது என்று கண்டனர். அதன்பின் 2024-இல் ஸ்பெயின் தேசத்தார் வெளியிட்ட மற்றொரு தொகுப்போ, எந்நோயிலும் பயன் காணோம் என்றது. இருபக்கத்தையும் மறையாமல் உங்கள் முன் வைத்தோம். நாட்பட்ட வலியில் சிறிது ஆறுதல் கிட்டக்கூடும், அதுவும் ஐயத்திற்கிடமானது, மற்றை நோய்களை இது தீர்க்குமென்பதற்கு ஆதாரமில்லை. இதுவே அவ்வாய்வுகளின் நிகரத் தொகை.

இதனால் தொடுகையே பயனற்றது என்று யாம் கூறுவதாக எவரும் கருதற்க. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வழக்கமுடைய நமக்கு, அன்புடைய ஒரு கை தலையைத் தடவும் சுகம் இன்னதென்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தென்பாண்டி நாட்டிலும் குமரி நாட்டிலும் வழங்கும் வர்மக் கலையும் தொடுகையை ஆதாரமாகக் கொண்டதே. அதிற் கூறப்படும் 108 வர்மங்களுள் 25 தலை முதற் கழுத்துவரையில் உள்ளன. ஆனால் அக்கலையிற் பழகிய ஆசான்கள், தலை வர்மங்களை உயிருக்கே ஆபத்தானவை என்று அஞ்சி, எளிதிற் பிறர்க்குக் கற்பியாமல் இருந்தனர். தலையிற் கைவைப்பது பெரும் பொறுப்பு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இக்காலத்தில் சித்த வைத்தியத்திற்கு அரசாங்கக் கல்லூரிகள் உள்ளன. பாளையங்கோட்டைக் கல்லூரி 1964-இல் ஏற்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பெற்றது. அங்கெல்லாம் படித்துப் பதிவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று விசாரித்தறிய வழியுண்டு. யாம் இன்று பேசும் சிகிச்சையோ, நம் அரசாங்கம் ஆயுஷ் என்னும் பெயரால் அங்கீகரித்துள்ள ஆயுர்வேதம், யோகம், இயற்கை வைத்தியம், யூனானி, சித்தம், சோவாரிக்பா, ஹோமியோபதி ஆகியவற்றுள் ஒன்றாக இடம்பெற்றதன்று. சில நாட் பயிற்சி பெற்றவரும், சில வருஷம் பயின்றவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அமரலாம்.

இனி எம் வீட்டுச் சம்பவத்தைச் சொல்லுகின்றோம். இதனைச் சொல்ல எமக்கு வெட்கமாகவே இருக்கின்றது. ஆயினும் சொல்லாதுவிடின் இப்பேச்சினாற் பயனில்லை.

எம் தந்தையாரின் தமக்கையார், வீட்டில் யாவரும் அயித்தை என்றழைக்கும் மூதாட்டியார், காரைக்குடிக்கு அருகிலுள்ள எம் ஊரிற் பெரிய வீட்டில் இருக்கின்றார். அப்பொழுது வயது 74. இருதயக் குழாயில் அடைப்பு நீக்கப்பெற்று, இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வந்தார். ஓர் ஐப்பசி மழைநாளில், வளவின் ஓரத்து ஈரக் கல்லிற் கால் வழுக்கிப் பின்தலை தூணில் மோத விழுந்தார். இரத்தம் வரவில்லை, சிறு வீக்கம் மட்டும் கண்டது, இரண்டு நாளில் அது வடிந்தது. யாவரும் அதனை மறந்தோம். அவரும் மறந்தார்.

மூன்று வாரம் கழித்துத் தலைவலி தொடங்கிற்று, இரவில் உறக்கமில்லை. அயல்நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இச்சிகிச்சையைப் புகழ்ந்து கூறினார். வெளியூரிலிருந்து வந்து சிலகாலம் இப்பக்கம் தங்கியிருந்த ஒருவரை யாமே அழைத்து வந்தோம். அவர் தீயவரல்லர், பேராசைக்காரருமல்லர், இனிய சுபாவமுடையவர். முதல் நாள் அவர் தலையைத் தொட்டிருந்து சென்றபின், அயித்தை அன்றிரவு நன்றாக உறங்கினார். எமக்கு உண்டான சந்தோஷத்திற்கு அளவில்லை. இரண்டாம் அமர்வின் பின் பகலிலும் உறங்கினார். சுகம் கண்டுவிட்டதென்றே மகிழ்ந்தோம். மூன்றாம் அமர்வின் பின் பேச்சுக் குறைந்தது. பேரனைத் தகப்பன் பெயரிட்டு அழைத்தார். இடக்காற் செருப்புத் தானே நழுவியது. கேட்டதற்கு, உள்ளே அடங்கிக்கிடந்த பழைய துன்பங்கள் வெளிப்படுகின்றன, மேலும் இரண்டு அமர்வில் எல்லாம் சரியாகும் என்ற விடை கிடைத்தது. யாமும் நம்பினோம்.

நான்காம் அமர்வுக்கு மறுநாட் காலை, வீட்டிற் சமையல் செய்யும் அம்மையார் எம்மிடம் வந்து, "ஆச்சி கையிலேருந்து காப்பித் தம்ளர் ரெண்டு தடவ விழுந்திருச்சு ஐயா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அப்பொழுதுதான் எமக்கு அறிவு வந்தது. உடனே வண்டியில் 90 கிலோமீட்டர் கடந்து மதுரைக்குக் கொண்டு சென்றோம். அங்கே டாக்டர் கேட்ட முதற் கேள்வி, "சமீபத்தில் எங்கேனும் விழுந்தார்களா?" என்பதே. இல்லை என்று யாம் விடையளித்தோம். உடன் வந்திருந்த சமையற்கார அம்மையார் அப்பொழுது குறுக்கிட்டு, வளவில் விழுந்ததைச் சொன்னார். படம் எடுத்தனர். மண்டையோட்டிற்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் தேங்கி மூளையை நெருக்கிக்கொண்டிருந்தது. அன்றிரவே மண்டையோட்டிற் சிறு துளையிட்டு அதனை வடித்தனர்.

வயது முதிர்ந்தவர்க்கு மூளை சிறிது சுருங்குவதால், அதனையடுத்த மெல்லிய இரத்தக் குழாய்கள் சிறு அதிர்ச்சியிலும் கிழியும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்க்கு அபாயம் அதிகம். துளித்துளியாய்க் கசிந்து, சில வாரம் கழித்தே குறி காட்டும் என்று டாக்டர் விளக்கினார். யாம் சுகமென்று கொண்டாடிய அவ்வுறக்கம், மூளை நெருக்குண்டதன் மயக்கமே. தொட்ட கை அந்நோயை உண்டாக்கவில்லை. ஆனால் யாம் அக்கையை நம்பியிருந்த நாட்களில் நோய் வளர்ந்தது. இறைவன் அருளால் அயித்தை பிழைத்து எழுந்தார். இன்றும் இருக்கின்றார். இடக்கை மட்டும் முன்போல் இல்லை, பூத்தொடுப்பதை விட்டுவிட்டார். நான்கு அமர்விலும் விழுந்ததுண்டா என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. அழைத்துவந்த யாமும் கேட்கவில்லை. குற்றத்திற் பெரும்பங்கு எம்முடையதே.

ஆகவே இச்சிகிச்சையை நாடுமுன் கவனிக்கவேண்டுவனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம்.

முதலாவது, தலையில் அடிபட்டுச் சில மாதங்கள் ஆகாதவர், மூளையில் இரத்தம் கசிந்தவர், மூளை இரத்தக் குழாயில் வீக்கமுடையவர், மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தவர் இதனை அணுகலாகாது. இச்சிகிச்சையைக் கற்பிப்போரே இவர்களை விலக்குகின்றனர். கழுத்தெலும்பில் முறிவோ, அண்மையில் தலையிலோ முதுகிலோ அறுவையோ ஏற்பட்டவரும் தம் டாக்டரைக் கேளாமற் செல்லற்க.

இரண்டாவது, சில குறிகள் தோன்றினால் எச்சிகிச்சையாளரையும் தேடாது ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும். இடியிடித்தாற்போலத் திடீரென வரும் கடுந்தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் தளர்தல். விழுந்தபின் வரும் தலைவலியும் தூக்க மயக்கமும். 50 வயதிற்கு மேற்பட்டவர்க்குப் புதிதாய் வரும் தலைவலியோடு தலைவாரும்போது வலித்தல், மெல்லும்போது தாடை நோதல், பார்வை மங்குதல். பின்னதைக் காலத்திற் கவனியாவிடிற் கண்ணே போகக்கூடும். 108-ஐ அழைப்பதற்கு வெட்கமும் வேண்டாம், நல்லநேரமும் பார்க்கவேண்டாம்.

மூன்றாவது, கைக்குழந்தைகளைப் பற்றியது. ஆச்சிமார்கள் இதனைச் சிறப்பாகக் கேட்க வேண்டுகின்றோம். பிறந்த குழந்தையின் உச்சிக்குழி 12 முதல் 18 மாதத்திற்குள்தான் பெரும்பாலும் மூடும். பிறப்பின்போது நீண்டுபோன தலை சில நாட்களிலோ வாரங்களிலோ தானே உருண்டுவிடும். அதனைப் பிடித்து உருவாக்க வேண்டுவதில்லை. நெதர்லாந்தில், இப்பெயரிட்ட சிகிச்சையிற் கழுத்தும் முதுகும் வளைக்கப்பெற்ற 3 மாதப் பெண் குழந்தை ஒன்று மூச்சுத் தடைப்பட்டு இறந்ததை, அந்நாட்டு வைத்தியர்கள் 2009-இல் எழுதி வெளியிட்டனர். நம் வீடுகளிற் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கமும் நுரையீரலைக் கெடுப்பது, அதனையும் விட்டொழிக்க. தலை ஒருபக்கம் தட்டையாயிருப்பின் குழந்தை டாக்டரிடம் காட்டுக. பெரும்பாலும், விழித்திருக்கையில் அருகிருந்து குப்புறக் கிடத்தி விளையாடவிடுதலே போதுமென்பார். அரிதாகச் சில குழந்தைகட்கு எலும்பிணைப்பு முன்கூட்டியே மூடியிருக்கும். அதற்கு முதல் வருஷத்திலேயே அறுவை தேவைப்படலாம். அக்காலத்தை வீணாக்குவது பெருந்தவறு.

நான்காவது, செய்பவரிடம் கூச்சமின்றிக் கேட்கவேண்டுவன. நீங்கள் எங்கே, எத்தனைக் காலம் பயின்றீர்கள்? டாக்டர் அல்லது பிசியோதெரபி பட்டம் உண்டா? என் நோய்க்கு இதனால் என்ன பயனை எதிர்பார்க்கலாம்? எத்தனை அமர்வில் பயன் தெரியாவிடின் நிறுத்திவிடலாம்? இவற்றிற்கு நேர்மையாக விடையளிப்பவரிடம் செல்லலாம். உண்ணும் மருந்தை நிறுத்தச் சொல்பவர், புத்திக் குறைவு, வலிப்பு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பேன் என்பவர், 20 அமர்விற்கு முன்பணம் கேட்பவர் ஆகிய மூவரையும் கண்டால் விலகுக. பெண்டிர் செல்லுங்கால் உடன் ஒருவர் அறையில் இருத்தல் வேண்டும். உடை களையத் தேவையில்லை. வேண்டாமென்று தோன்றிய கணமே எழுந்துவரும் உரிமை உண்டு.

ஐந்தாவது, வரிசையைப் பற்றியது. முதலில் டாக்டர், நோய் இன்னதென்று நிச்சயமானபின், அபாயமில்லையென்று அவர் கூறியபின், மனச்சோர்விற்கும் நாட்பட்ட வலிக்கும் ஓர் ஆறுதலாக இதனை நாடுவோர் நாடலாம். டாக்டர் தந்த மருந்தோடு கூட இதனைக் கொள்ளலாமேயன்றி, அம்மருந்திற்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

பெரியோர்களே! நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்தபொழுது, முன்பின் அறியாதவனுக்குக் கடன் கொடுக்குமுன் அவன் ஊர், தொழில், நாணயம் யாவும் விசாரித்தே பெட்டியைத் திறந்தனர். முகம் இனிதாயிருக்கின்றதென்று பெட்டியைத் திறந்தவரில்லை. பணத்திற்கு அத்துணை விசாரணை செய்த குலத்தில் வந்த நாம், பெற்றவர் தலையையும் பிள்ளையின் தலையையும் ஒருவர் கையிற் கொடுக்குமுன் ஒரு கேள்வியும் கேளாதிருப்பது தகுமா?

இக்கூட்டத்தினின்று வீடு சென்றதும் ஒரு காரியம் செய்யும்படி வேண்டிக்கொள்கின்றோம். உங்கள் வீட்டு முதியோர் அருகில் அமர்ந்து, இவ்விரண்டு மாதத்தில் எங்கேனும் விழுந்தீர்களா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவென்று அவர்கள் மறைத்திருப்பர். அவர்களோடு நாள் முழுதும் இருக்கும் வேலையாட்களையும் கேளுங்கள். எம் வீட்டில் உயிரைக் காத்தது அவ்வம்மையாரின் வாய்ச்சொல்லே. அக்கேள்வியை யாம் முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால், அயித்தை இன்றும் மார்கழியிற் பூத்தொடுத்துக்கொண்டிருப்பார்.